அரைக்கம்பத்தில் ஒரு மஞ்சள் கொடி

என் பயங்களுக்கு ஒழுங்குமுறை எதுவும் கிடையாது. லிஃப்டில் ஏறப் பயம். லிஃப்ட் ரிப்பேரானால் படி ஏறப் பயம். டாக்டரைப் பார்க்கப் பயம். அவர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால், இந்த ஆள் ஒழுங்காகப் படித்தாரா இல்லையா என்று அதைவிடப் பெரிய பயம். இப்படிப்பட்டவன் வயிற்றுப்பாட்டுக்குச் செய்வது இன்ஷூரன்ஸ் உத்தியோகம். கொல்கத்தாவில் ஒரு கிளை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு தீ, வெள்ளம், திருட்டு, நிலநடுக்கம் என்று ஊரார் பயத்துக்கெல்லாம் பாலிசி எழுதிக் கொடுக்கிறேன். என் பயத்துக்குப் பாலிசி கொடுக்க எந்தக் கம்பெனியும் துணியாது. முதல் வாரமே திவாலாகிவிடும்.

எனக்கு ஒரே மகள். கடல் உயிரினங்களைப் பற்றிப் படித்தவள். போர்ச்சுகலுக்குச் சொந்தமான ஒரு தீவில் இரண்டு வருட ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது என்று அவள் வந்து சொன்னபோது, "சபாஷ்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனில் உலக வரைபடத்தைத் திறந்தேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் நீலம்தான் வந்தது. வெகுநேரம் கழித்து அட்லாண்டிக்கின் நடுவில், கொசு உட்கார்ந்து எழுந்துபோன தடம் மாதிரி சில புள்ளிகள். அதில் ஒரு புள்ளியில் என் பெண் குடியிருக்கப் போகிறாள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் ஒரு புகைப்படம் அனுப்பினாள். கல் பாவிய ஒரு சின்ன சதுக்கம். வெள்ளைச் சுவரும் கருங்கல் விளிம்புமாக நகராட்சி அலுவலகம். அதன் முன்னால் மூன்று கொடிக்கம்பங்கள். "அழகா இருக்குல்ல?" என்று கீழே எழுதியிருந்தாள். அழகெல்லாம் என் கண்ணில் படவில்லை. மூன்றாவது கம்பத்தில் பறந்த மஞ்சள் கொடியின் நடுவே ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன்.

ஒரு கேடயம். கேடயத்தின் அடிப்பாகத்தில் வெள்ளையும் நீலமுமாக அலைகள். அலைகளுக்கு மேலே ஒரு கறுப்பு மலை. மலை உச்சியிலிருந்து சிவப்பாக நெருப்பு கக்கிக்கொண்டிருந்தது. நெருப்புக்குச் சற்று மேலே, தப்பித்துப் போவது போல ஒரு பறவை.

ஒரு ஊர் தன் சின்னத்தில் எதைப் போட்டுக்கொள்ளும்? சிங்கத்தைப் போடும், தாமரையைப் போடும், அதிகம் போனால் பாலத்தைப் போடும். யாராவது தன் ஊர் ஆபத்தைக் கொடியில் தைத்து வாசலில் பறக்க விடுவார்களா? நம் கொல்கத்தாவில் ஒரு மழைக்கு டாக்சிகள் முழங்கால் தண்ணீரில் படகாகின்றன. அதற்காக முழுகிப்போன டாக்சியையா சின்னமாக வைத்திருக்கிறோம்?

உடனே போன் போட்டேன்.

"ஏம்மா, அந்தக் கொடியில இருக்கிறது என்னது?"

"எரிமலைப்பா."

"சும்மா அழகுக்குப் போட்டிருக்காங்களா?"

"இல்லப்பா, பின்னாடி இருக்கு."

"எதுக்குப் பின்னாடி?"

"என் ரூமுக்கு."

நான் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமல் உட்கார்ந்ததில் முதுகு வேறு பிடித்துக்கொண்டது. என் மனைவி போனை வாங்கி, வெந்நீர் கிடைக்கிறதா, அரிசி எந்தக் கடையில் இருக்கிறது என்று நிதானமாக விசாரித்தாள். பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"புது வீடு கட்டுறப்ப பூசணிக்காயில பூதம் வரைஞ்சு தொங்க விடுறோமில்ல? அந்த மாதிரிதாங்க. பயப்படுற விஷயத்தை வாசல்லயே மாட்டிட்டா உள்ள வராது."

"அப்படியா சொல்ற?"

"ஆமா. அந்தக் கணக்குக்கு நம்ம வாசல்ல உங்க போட்டோவைத்தான் மாட்டணும்."

அடுத்த சில நாள்கள் அந்தச் சின்னத்தைப் பிரேதப் பரிசோதனை செய்தேன். கேடயத்தின் தலையில் வெள்ளி நிறத்தில் கோட்டைமதில் போல ஒரு கிரீடம். அதில் கோபுரங்கள். எண்ணினேன், நான்கு. திரும்ப எண்ணினேன், நான்கேதான். கோபுரத்துக் கலசங்களை ஒற்றைப்படையில் பார்த்தே பழகிய கண் எனக்கு. ஐந்தாவது எங்கே? விழுந்துவிட்டதா? எப்போது விழுந்தது? எதனால் விழுந்தது?

"அப்பா, எதுவும் விழலை," என்றாள் மகள். "இங்க அது ஒரு முறை. சின்ன டவுனுன்னா நாலு கோபுரம், சிட்டின்னா அஞ்சு."

"அப்ப அஞ்சு கோபுரம் இருக்கிற ஊர்ல வேலை கேட்டிருக்கலாமே! பெரிய ஆஸ்பத்திரியாவது இருக்கும்."

"அஞ்சு கோபுரத்துக்கிட்ட திமிங்கலம் வராதுப்பா."

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. தினம் ஒரு காரணம் கண்டுபிடித்து, திரும்பி வந்துவிடு என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவள்தான் வெளிப்படையாகப் பேசினாள். அன்று அவள் குரலில் விளையாட்டு இல்லை.

"அப்பா, நீங்க தினமும் சுத்திச் சுத்தி இதையே சொன்னா என்னால வேலை செய்ய முடியாது. ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம். என்னைக்காவது நிஜமாவே பயந்துபோய் 'வந்துடு'ன்னு சொன்னீங்கன்னா, காரணம் கேக்காம வேலையை விட்டுட்டு வந்துடுறேன். ஆனா ஒரே ஒரு வாட்டிதான். யோசிச்சு வச்சுக்குங்க."

அவள் சொன்னால் செய்வாள். அது எனக்குத் தெரியும். நெருப்புப்பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, நடுங்காதே என்று சொன்ன மாதிரி ஆயிற்று.

இந்த இடத்தில் கீழ்வீட்டுத் தாதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்பில் என் அளவுக்குப் பயப்படத் தெரிந்த ஒரே மனிதர். நவம்பர் பிறப்பதற்குள் குரங்குக் குல்லாய் போட்டுவிடுவார். மற்றவர்களிடம் என் கவலையைச் சொன்னால் தைரியம் சொல்லிக் கழுத்தறுப்பார்கள். தாதாவிடம் சொன்னால் கூடவே பயப்படுவார். அதில் ஒரு சுகம் இருக்கிறது. நாங்கள் வங்காளத்தில் பேசிக்கொள்வதைத் தமிழில் தருகிறேன். மோஷாய் என்பது அவர் எனக்கு வைக்கும் மரியாதை.

"எரிமலையா, மோஷாய்?" கொடியின் படத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "புகை வருமே. பொண்ணுக்குச் சளி பிடிக்குமே."

அவர் மனைவி, நான் பௌதி என்று கூப்பிடும் அண்ணி, சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "எரிமலைக்குச் சளி மாத்திரை தேடுற ஆம்பளைகளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

சித்திரை பிறந்து வெயில் ஏறிய நேரத்தில், அந்தத் தீவில் லேசான நில அதிர்வுகள் என்று செய்தி வந்தது. மகள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"லாரி போற மாதிரி இருந்துச்சுப்பா, அவ்வளவுதான்."

"லாரியாவே இருந்திருக்கலாம்ல?"

"இந்த ஊர்ல இருக்கிறதே ஒரு லாரி. அதுவும் ரிப்பேர்ல நிக்குது."

அதிர்வுகள் நிற்கவில்லை. வாரத்துக்குச் சில வந்துகொண்டிருந்தன. அப்போதுதான் அந்த நகராட்சியின் இணையப் பக்கத்தில் ஒரு நேரலைக் கேமராவைக் கண்டுபிடித்தேன். சுற்றுலாக்காரர்களுக்காகச் சதுக்கத்தைப் பார்த்தபடி வைத்திருந்தார்கள். மூன்று கம்பங்களும் நடுப்படத்தில் தெரிந்தன. போர்ச்சுகல் கொடி, தீவுக்கூட்டத்தின் கொடி, மூன்றாவதாக எங்கள் மஞ்சள் கொடி. ஆமாம், அதற்குள் அது எங்கள் கொடியாகிவிட்டது. அங்கே காலை விடியும்போது இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேமராவைத் திறப்பேன். கொடி படபடத்தால் ஊர் உயிரோடு இருக்கிறது. தொங்கினால், காற்றில்லை என்று எனக்கு நானே மூன்று முறை சொல்லிக்கொள்வேன். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மேட்ச், ஸ்கோர் என்ன?" என்பார். "இன்னும் யாரும் அவுட் இல்லை," என்பேன்.

அன்று புதன்கிழமை, வங்காளத்தில் மட்டும் விடுமுறை. அலுவலகம் இல்லை. கொல்கத்தா வானம் மதியமே கறுத்து, காற்று அசையாமல் நின்றது. சாயங்காலம் கால்பைசாகி அடிக்கப் போகிறது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சித்திரை வைகாசியில் திடீரென்று வந்து மரத்தைச் சாய்த்துவிட்டுப் போகும் புயல்மழை அது. மனைவி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். நான் கேமராவைத் திறந்தேன்.

மஞ்சள் கொடி பாதிக் கம்பத்தில் இருந்தது.

கண்ணாடியைத் துடைத்தேன். போன் திரையைத் துடைத்தேன். கொடி அங்கேயேதான் இருந்தது. சதுக்கத்தில் இரண்டு மூன்று பேர் கூடி நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரைக்கம்பத்தில் கொடி என்றால் என்ன அர்த்தம் என்று ஒன்றாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். மகளுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்பப் போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். வாட்ஸாப்பில் "எங்கே இருக்கே" என்று அனுப்பியதற்கு ஒற்றை டிக்.

மனைவியை எழுப்பலாம் என்று அறை வாசல்வரை போனேன். எழுப்பினால் நடப்பது நிஜமாகிவிடும் போலிருந்தது. திரும்பிக் கீழே ஓடினேன். லிஃப்டா படியா என்ற பயம்கூட வரவில்லை. எதில் போனேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

தாதா படத்தைப் பார்த்தார். அவர் முகம் ரத்தமிழந்து வெளிறுவதை என் கண்ணால் பார்த்தேன்.

"மோஷாய், ஒண்ணு கவனிச்சீங்களா? நாட்டுக் கொடி மேலதான் இருக்கு. தீவுக் கொடியும் மேலதான் இருக்கு. ஊர்க் கொடி மட்டும் கீழ."

"அதனால?"

"நாட்டுல பெரிய தலைவர் யாரும் சாகலை. செத்தது உள்ளூர்ல." அவர் எச்சில் விழுங்கினார். "அந்த டவுனுக்குள்ள."

இதைச் சொல்ல இவரிடம் வராமல் இருந்திருக்கலாம். பௌதி எதிர்வீட்டுக்குப் போயிருந்ததால் எங்கள் இருவரையும் அதட்ட ஆளில்லை. தாதா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பாதியை நானும் பாதியை அவரும் குடித்தோம். வெளியே முதல் இடி இடித்தது. அந்தத் தீவிலேயே இடித்தது போலிருந்தது எனக்கு.

அங்கேயே, அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, மகளுக்குக் குரல்செய்தி பதிவு செய்தேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "வந்துடும்மா. எதுவும் கேக்காதே. அன்னைக்குச் சொன்னியே, அந்த ஒரு வாட்டி இதுதான். இப்பவே கிளம்பி வந்துடு." அனுப்பினேன். ஒற்றை டிக். அந்த ஒற்றை டிக்கைப் பார்த்தபோது, இதைக் கேட்க ஆள் இருக்க வேண்டுமே என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

இடிச்சத்தத்தில் எழுந்து, என்னைத் தேடிக் கீழே வந்த மனைவி வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். படத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் அவள் முகமும் மாறியது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அந்த நகராட்சிக்கு போன் நம்பர் இருக்குமில்ல?"

"இருக்கு."

"கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

நானும் தாதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு படித்த ஆண்கள், மொத்தமாக முக்கால் நூற்றாண்டு அலுவலக அனுபவம். ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

போட்டேன். மணி அடித்தது. ஒரு பெண் போர்ச்சுகீஸில் ஏதோ சொன்னாள். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, நடுவில் வங்காளத்துக்குப் போய், தமிழில் முடித்தேன். அவள் பொறுமையாக, உடைந்த ஆங்கிலத்தில், யார் பேசுகிறீர்கள், எங்கிருந்து என்று கேட்டாள்.

"கொல்கத்தா. இந்தியா. உங்கள் கொடி ஏன் கீழே இறங்கியிருக்கிறது?"

"இந்தியாவிலிருந்து எங்கள் கொடி தெரிகிறதா?" என்றாள். பிறகு, இருங்கள் என்று சொல்லிவிட்டு ரிசீவரை மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டது.

என் காதில் அவள் நடந்துபோகும் செருப்புச் சத்தம். தாதாவின் கையிலிருந்த அவர் போனில் கேமராப் படம். சற்றுப் பொறுத்து நகராட்சிக் கதவு திறந்தது. பச்சை உடையில் ஒரு பெண் வெளியே வந்து, இடுப்பில் கைவைத்து, கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். கூடி நின்றவர்களிடம் என்னவோ கேட்டாள். ஒருவர் கையை விரித்தார். அவள் கம்பத்தருகில் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். எங்கள் மூன்று தலைகளும் தாதாவின் போன்மேல் முட்டிக்கொண்டன.

கேமராவில் படம் கொஞ்சம் பிந்தி வரும் போலிருக்கிறது. திரையில் அவள் இன்னும் கயிற்றோடு நின்றுகொண்டிருக்கும்போதே காதில் அவள் குரல் வந்துவிட்டது.

"யாரும் சாகவில்லை, ஐயா. கயிற்றின் முடிச்சு நழுவிக் கொடி தானாக இறங்கியிருக்கிறது." அவளுக்கு மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் புரிந்தது. காலையிலிருந்து காபிக்கடையில் யார் போனது என்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அதில் ஒருவர் நேரில் வந்து மறுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"என் மகள்..." என்றேன்.

"இந்தியப் பெண்ணா? விடியற்காலை என் மச்சானுடைய படகில் திமிங்கலம் பார்க்கப் போயிருக்கிறாள். கடலில் போன் எடுக்காது. உங்கள் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாள்."

நன்றி சொன்னேனா என்று தெரியாது. மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாதா, "எனக்கு அப்பவே தெரியும்," என்றார். எது அப்போதே தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம்தான் அந்தக் குரல்செய்தி ஞாபகம் வந்தது. குதித்து எழுந்து அழித்தேன். எல்லோருக்கும் நீக்கு என்ற பொத்தானை அழுத்தினேன். செய்தி போயிற்று. ஆனால் அது இருந்த இடத்தில், ஒரு செய்தி நீக்கப்பட்டது என்ற வரி கல்வெட்டு மாதிரி நின்றது.

"அந்த வரியை அழிக்க முடியாதா?" என்றார் தாதா.

"முடியாது."

"அப்ப அந்தப் பொத்தான் எதுக்கு?"

புயல் வந்தது. கரண்ட் போயிற்று. சன்னல்கள் அடித்துக்கொண்டன, தெருவில் எங்கோ தகரம் பறந்து விழுந்தது. மேலே போக மனமில்லாமல் தாதா வீட்டுக் கூடத்திலேயே இருந்தோம். நனைந்தபடி திரும்பி வந்த பௌதி விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டீ போட்டுக் கொடுத்தார். அவர் கேலி செய்யாததே எனக்குத் திக்கென்றிருந்தது.

மழை விட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் போன் அடித்தது.

"அப்பா! அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

அந்தக் குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. வேறெங்கோ கேட்டிருந்தேன். கொஞ்சம் முன்னால் நான் பதிவு செய்து அழித்த குரல் அது.

"ஒண்ணுமில்லம்மா, எல்லாரும் நல்லா இருக்கோம்."

"பொய் சொல்லாதீங்கப்பா. இத்தனை மிஸ்டு கால். ஏதோ மெசேஜ் அனுப்பி அழிச்சிருக்கீங்க. கரைக்கு வந்து போனைத் திறந்ததும் எனக்கு கை காலெல்லாம் வெலவெலன்னு ஆயிடுச்சு. அம்மாகிட்ட குடுங்க!"

மனைவி பேசினாள். கொடி, கயிறு, முடிச்சு எல்லாம் சொன்னாள். அந்தப் பக்கம் மகளின் மூச்சு இறங்குவது எனக்கே கேட்டது. பிறகு என்னிடம் கேட்டாள்.

"அழிச்ச மெசேஜ்ல என்ன இருந்துச்சு?"

யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூங்கொத்து என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் பயந்த குரல் இன்னும் காதில் இருந்தது.

"வந்துடுன்னு சொல்லியிருந்தேன்."

கடற்பறவைகள் கத்துவது கேட்டது. "நிஜமாவா?" என்றாள்.

"அப்ப நிஜம்."

"இப்ப? நான் கிளம்பி வரணுமாப்பா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஆமாம் என்று சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பாள். எனக்குள் இருந்த பயம் முழுவதும் தொண்டைக்கு ஏறி வந்து நின்று, ஆமாம் சொல்லு என்றது. அந்த மலை இன்னும் அவள் அறைக்குப் பின்னால்தான் இருக்கிறது. இன்று முடிச்சு நழுவியது, நாளைக்கு வேறொன்று நழுவும். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதவி செய்யவில்லை.

"வேண்டாம்," என்றேன். "வேலையை முடிச்சுட்டு வா."

"சரிப்பா. ஆனா உங்க ஒரு வாட்டி இதோட முடிஞ்சுபோச்சு."

"அதெப்படி? நீதான் அதைக் கேக்கவே இல்லையே! உனக்கு வந்தே சேரலை. கணக்குல சேராது."

"க்ளெய்ம் போட்டாச்சுன்னா போட்டதுதான்னு எங்ககிட்ட எத்தனை வாட்டி சொல்லியிருக்கீங்க? அப்புறம் வாபஸ் வாங்கினா பாலிசி புதுசாயிடுமா?"

என் உத்தியோகத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். போனை அவள் அம்மா வாங்கிக்கொண்டு, நனைந்த துணியை மாற்றினாயா, காலையிலிருந்து என்ன சாப்பிட்டாய் என்று வேறு உலகத்துக்குப் போய்விட்டாள்.

தாதா என் தோளைத் தொட்டார். "பொண்ணு நல்லா இருக்காளா, மோஷாய்?"

"நல்லா இருக்கா, தாதா."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"இனிமே என் கையில ஒண்ணும் இல்லை. சும்மா பயப்பட மட்டும்தான் முடியும்."

தாதா இதைத் தீவிரமாக யோசித்தார். பிறகு சோபாவில் நகர்ந்து இடம்விட்டு, "அது பழகிடும், உட்காருங்க," என்றார்.